சுரக்குடிப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி?

சித்திரை வெயில் உச்சத்தில் நிற்கும் நாட்களில், பிளஸ் டூ எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளை ஒரு வீட்டில் இருக்குமானால், அந்த வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர் நெருங்கிய உறவினரானாலும் சரி, உரக்கடைக்குப் போகும் வழியில் சற்று இளைப்பாற ஒதுங்கியவரானாலும் சரி, முதலில் கேட்பது "எங்க சேக்கப் போறீங்க?" என்பதுதான். தமிழ் பேசும் பிரதேசம் எங்கும் கேட்கப்படும் கேள்வியே இது என்றாலும், திருநள்ளாறு வட்டத்தைச் சேர்ந்த சுரக்குடியில் கேட்கப்படும்போது இதற்கு ஒரு விசேஷமான சிக்கல் உண்டாகிவிடுகிறது. மற்ற ஊர்களில் பிள்ளையின் மதிப்பெண்ணும் தகப்பனாரின் கைப்பொருளும் கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடும். இங்கேயோ அவை இரண்டும் வாய் திறப்பதற்கு முன்பாக, வரைபடத்தில் ஓடுகிற ஒரு கோடு தன் தீர்ப்பைச் சொல்லி முடித்திருக்கும்.

சுமார் 160 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் காரைக்கால் மாவட்டத்தில், கிழக்கே கடல் ஒன்றைத் தவிர, வேறு எந்தத் திசையில் நடந்தாலும் சிறிது நேரத்துக்கெல்லாம் தமிழ்நாடு வந்துவிடும். நெல்லும் அதே நெல், காவிரியின் கிளையாறுகளும் அவையே, கொண்டு கொடுக்கும் சம்பந்தங்களும் எல்லைக்கு இரு பக்கத்திலும் பரந்து கிடப்பவை. ஆனால் 1739ஆம் ஆண்டு பிரெஞ்சுக்காரர் இந்தச் சிறு நிலப்பகுதியைத் தஞ்சை மராட்டியரிடமிருந்து பெற்றுக்கொண்ட காரணத்தால், 1954 நவம்பர் முதல் நாள் நிர்வாகம் கைமாறி, 1962 ஆகஸ்ட் 16ஆம் நாள் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்த பின்னரும், இவ்வூரின் தலைநகரம் தரங்கம்பாடியையும் சீர்காழியையும் சிதம்பரத்தையும் கடலூரையும் கடந்து, ஏறக்குறைய 130 கிலோமீட்டருக்கு அப்பால் புதுச்சேரியாகவே இருந்து வருகிறது. ஆகவே பிள்ளைக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் குடியிருப்புச் சான்றும் கொடுக்கிறது திருநள்ளாறு தாலுகா ஆபீஸ் என்றால், அந்தச் சான்றுகளைச் செல்லுபடியாக்கும் கல்லூரிகளில் பெரியவை புதுச்சேரியில் இருக்கின்றன. பஸ் ஏறினால் சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய நாகப்பட்டினத்திலும் மயிலாடுதுறையிலும் திருவாரூரிலும் உள்ள அரசுக் கல்லூரிகளுக்கோ அவை அயல் மாநிலத்துக் காகிதங்கள்.

புதுச்சேரி அரசின் ஒதுக்கீட்டு இடங்களை நிரப்புவது சென்டாக் என்ற மத்தியச் சேர்க்கைக் குழு. பொறியியலாயினும் மருத்துவமாயினும், அரசுக் கலைக் கல்லூரிப் படிப்பேயாயினும், விண்ணப்பம் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்த அரசின் கீழுள்ள பிரதேசங்கள் நான்கும் ஒன்றுக்கொன்று வெகு தூரத்தில் சிதறிக் கிடப்பதால், தொழிற்கல்வி இடங்களில் காரைக்காலுக்கு நூற்றுக்கு 18, மாகேக்கு 4, ஏனாமுக்கு 3 என்று தனித்தனியே பங்கு வகுத்து, மிச்சத்தைப் புதுச்சேரிக்கு விட்டிருக்கிறார்கள். இந்தப் பதினெட்டின் மகிமையை வெளியூர்க்காரர்கள் சுலபமாக உணர்ந்துவிட முடியாது. தலைநகரத்தில் பெரிய பயிற்சி மையங்களுக்குப் போய்வரும் பிள்ளைகளோடு நேருக்கு நேர் போட்டியிட வேண்டிய அவசியத்திலிருந்து கிராமத்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிற வேலியும் அதுதான். காரைக்கால் பிள்ளைகள் எத்தனை பேர் நன்றாகப் படித்தாலும் அவர்களுக்குள்ளேயே அந்தப் பதினெட்டுக்காக மல்லுக்கு நிற்க வைப்பதும் அதுதான். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு உள்ஒதுக்கீடு என்று 2023இல் வந்த ஏற்பாடு இதற்குள் இன்னொரு சிறு வாசலைத் திறந்திருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கத்து நியாயம் வேறு. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அந்த மாநிலத்துப் பள்ளிகளிலேயே படித்தவர்களுக்கு இருப்பிடச் சான்று தேவையில்லை. இடையில் ஓர் ஆண்டு வெளியே படித்திருந்தாலும், தமிழ்நாடே சொந்த மண் என்று நிரூபிக்க வேண்டும். அங்கே அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியலில் 2021 முதலும் நடைமுறையில் இருக்கிறது. அரசுப் பள்ளிகளில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022லும், ஆண்பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024லும் தொடங்கின. தரங்கம்பாடிப் பக்கத்து அத்தை மகளுக்கு மாதாமாதம் வங்கிக் கணக்கில் பணம் வந்து விழுகிறதென்று சுரக்குடிப் பெண் கேள்விப்படும்போது, அவளுக்கு உண்டாகும் ஆதங்கத்துக்குப் பூகோளம்தான் காரணமேயன்றிப் புதுச்சேரி அரசு கைவிரித்துவிட்டது என்று சொல்வதற்கில்லை. சென்டாக் மூலம் தனியார் தொழிற்கல்லூரிகளில் சேருகிறவர்களுக்குப் பெருந்தலைவர் காமராசர் பெயரால் கட்டண உதவி வழங்கும் திட்டம் இங்கேயும் நெடுநாளாக உண்டு.

இவையெல்லாம் ஊரில் ஓரளவு பேசப்படுகிற சங்கதிகள். அநேகமாகப் பேசப்படாத ஒன்றும் இருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதப்படுவதற்கு உண்மையான முகாந்திரமும் அதுவே.

காரைக்காலுக்கு வடக்கே கடலோரத்தில் திருவேட்டக்குடியில் புதுச்சேரி என்.ஐ.டி. அமைந்திருக்கிறது. 2010இல் நாடெங்கும் புதிதாகத் தொடங்கப்பட்ட பத்து என்.ஐ.டி.க்களில் ஒன்றாகிய இது, முதலில் திருச்சி என்.ஐ.டி.யின் அரவணைப்பில் வளர்ந்து, பிறகு இங்கே தன் வளாகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒவ்வோர் என்.ஐ.டி.யிலும் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு உரியவை. ஆனால் 'அந்த மாநிலத்துப் பிள்ளை' யார் என்பதை நிர்ணயிப்பது ரேஷன் கார்டும் அன்று, தாலுகா ஆபீஸ் முத்திரையும் அன்று. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்துப் பள்ளியிலிருந்து தேறினான் என்பது ஒன்றேதான். சுரக்குடியில் பிறந்து, சுரக்குடியிலேயே வளர்ந்து, பத்தாம் வகுப்பு வரை திருநள்ளாற்றில் படித்த பையனை, 'நல்ல கோச்சிங் கிடைக்கும்' என்ற நம்பிக்கையில் கடைசி இரண்டு வருஷம் நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தால், என்.ஐ.டி. சேர்க்கைக்கான ஜே.இ.இ. தேர்வின் கணக்கில் அவன் தமிழ்நாட்டுப் பிள்ளையாகிவிடுகிறான். திருச்சியின் பாதி இடங்களுக்கு உரிமை வருகிறது, திருவேட்டக்குடியின் பாதி இடங்களுக்கான உரிமை போய்விடுகிறது. அந்தத் திருச்சி இடங்களுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் வாழும் மாநிலம் முழுவதும் போட்டியிடுகிறது. இந்தத் திருவேட்டக்குடி இடங்களுக்கோ சில சிறு பிரதேசங்கள்தான் போட்டி. தராசின் எந்தத் தட்டு கனமென்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறக்கூடும் என்றாலும், தராசு ஒன்று இருக்கிறதென்பதையே அறியாமல் டெபாசிட் கட்டிவிட்டுத் திரும்பும் பெற்றோர் அநேகர். இதற்கு நேர்மாறாக, நாகூரிலிருந்து காரைக்கால் பள்ளிக்குப் பஸ்ஸில் வந்து பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்குத் திருவேட்டக்குடி சொந்த ஊர்க் கல்லூரியாகிவிடுகிறது. ஆயினும் சென்டாக் வாசலில் அவன் அயலூரான்தான்.

ஆக, ஒரே பிள்ளையை ஓர் அலுவலகம் குடியிருக்கும் ஊரால் அளக்கிறது, மற்றொன்று படித்த பள்ளியால் அளக்கிறது, மூன்றாவது ஐந்து வருஷத்துப் படிப்பை அடுக்கி வைத்து அளக்கிறது. இந்த அளவுகோல்கள் எல்லாம் மே மாதத்தில் கையில் எடுக்கப்படுகிறவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் பத்தாம் வகுப்பு முடிந்த கோடையில், பதினொன்றாம் வகுப்புக்கு எந்தப் பள்ளி, எந்த குரூப் என்று அரைமணி நேரத்தில் தீர்மானித்தோமே, அன்றைக்கே கல்லூரி விஷயத்தில் பாதி முடிந்து போயிற்று. உயிரியலை விட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்தவனுக்கு நீட் வாசல் அன்றோடு பாதி சாத்தப்பட்டது. கணிதத்தை விட்டவளுக்கு ஜே.இ.இ. இல்லை.

இதற்கு நடுவே பாடத்திட்டமும் மாறிவிட்டது. பிரெஞ்சு ஆட்சி போன காலம் தொட்டு, புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தினுடையதையும், ஏனாம் ஆந்திரத்தினுடையதையும் பின்பற்றி வந்தன. 2023–24 கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் ஒன்பது வரையும் பதினொன்றாம் வகுப்பிலும் சி.பி.எஸ்.இ. புகுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு முதன்முறையாக அரசுப் பள்ளிப் பிள்ளைகள் சி.பி.எஸ்.இ. பொதுத் தேர்வு எழுதினார்கள். பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டுப் பாடத்தில் முடித்து, பதினொன்றில் கண்ணைத் திறந்தால் வேறு பாடம் என்று நின்ற அந்த முதல் வகுப்பினரின் சங்கடத்தை அதிகாரிகள் இன்னும் கொஞ்சம் நிதானித்து யோசித்திருக்கலாம். நீட்டும் ஜே.இ.இ.யும் இந்தப் பாடத்தை ஒட்டியவை என்பதால் பின்னால் வருகிறவர்களுக்கு இது அனுகூலமாக முடியலாம். முன்னால் போனவர்களுக்கு அந்தச் சமாதானம் போதாது.

பழைய காலத்தில் இத்தனை சிக்கல் இருந்ததில்லை, ஏனென்றால் இத்தனை வாசல்களும் இருந்ததில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை 1854இல் தோன்றிய கும்பகோணம் அரசுக் கல்லூரிக்கோ, நாகப்பட்டினத்தில் 1844இல் பிறந்து 1883இல் திருச்சிக்குக் குடிபெயர்ந்த புனித வளனார் கல்லூரிக்கோ, 1929க்குப் பிறகானால் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கோ போனான். 1898இல் திறந்த பேரளம்–காரைக்கால் ரயில்பாதை திருநள்ளாறு வழியே சென்று, அவனையும் அவனுடைய தகரப்பெட்டியையும் பெரிய லைனில் கொண்டுபோய்ச் சேர்த்தது. மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி 1955லும், மேலையூரில் பூம்புகார்க் கல்லூரி 1964லும் வந்தபோது, வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய்வரும் தூரத்தில் பட்டப்படிப்பு கிடைத்ததையே பெரும் பாக்கியமாகக் கருதினார்கள். இன்றோ காரைக்காலுக்குள்ளேயே அறிஞர் அண்ணா அரசுக் கலைக் கல்லூரி, பெண்களுக்கு ஔவையார் கல்லூரி, நெடுங்காட்டில் 2007 முதல் காமராசர் பொறியியல் கல்லூரி, 2016 முதல் ஜிப்மரின் கிளை என்று வாசலிலேயே வந்து நிற்கின்றன. ஜிப்மர் தன் சொந்த நுழைவுத்தேர்வை நிறுத்தி 2020 முதல் நீட்டுக்குள் சேர்ந்துவிட்ட பிறகு, நம் ஊரில் கட்டிய கல்லூரி நம் பிள்ளைக்கே என்று எண்ணியிருந்தவர்கள், கட்டடம் ஊரில் இருப்பது வேறு, இடம் கிடைப்பது வேறு என்று தெரிந்துகொண்டார்கள்.

விண்ணப்பம் போடுகிற காட்சியை ஒருமுறை நின்று கவனித்தால் பல உண்மைகள் விளங்கும். திருநள்ளாற்றுக் கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றில், கடைசித் தேதிக்கு முந்திய சாயங்காலம், பிளாஸ்டிக் கவருக்குள் அசல் சான்றிதழ்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தகப்பனார் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். புகைப்படம் அளவுக்கு மேல் பெரிதாயிருக்கிறதென்று இயந்திரம் இருமுறை திருப்பி அனுப்பியாயிற்று. "அண்ணே, ஓடிபி யாரு போனுக்கு வரும்?" என்று கேட்கிறார் சென்டர் தம்பி. அந்த நம்பர் நடவு வயலில் நிற்கும் தாயாரின் கையில் இருக்கிறது. பையன் வெளியே ஓடிப்போய், "அம்மா, நம்பர் வந்திருக்கா பாரும்மா, சீக்கிரம் சொல்லும்மா" என்று கத்துகிறான். அதெல்லாம் முடிந்து, எந்தக் கல்லூரி முதலில், எது பின்னால் என்று வரிசைப்படுத்த வேண்டிய கட்டம் வருகிறபோது, காத்திருப்போர் கூட்டம் வாசல்வரை நீண்டுவிடுகிறது. "போன வருஷம் எல்லாரும் இப்படித்தாண்ணே குடுத்தாங்க" என்று சொல்லிக்கொண்டே சென்டர் தம்பி தட்டிக்கொண்டு போகிறார். பிள்ளையின் நான்கு வருஷத்து வாழ்க்கையைக் கால்மணி நேரத்தில் வரிசைப்படுத்தியவர், அச்சடித்த தாளின் பின்புறத்தில் பாஸ்வேர்டை நீலப் பேனாவால் எழுதிக்கொடுத்து, 'பத்திரமா வச்சுக்குங்க' என்று எச்சரிக்கவும் மறப்பதில்லை. அவரைக் குறை சொல்வது நியாயமாகாது. வரிசைப்படுத்துவது அவர் வேலையே அன்று.

அந்த வரிசையைப் பற்றி ஊரில் பலமாக வேரூன்றிய அபிப்பிராயம் ஒன்று உண்டு. 'எட்டாத கல்லூரியை மேலே எழுதினால், எட்டுகிற கல்லூரியும் கைநழுவிப் போய்விடும். ஆகவே கிடைக்கக்கூடியதையே முதலில் எழுது' என்பதுதான் அது. இது முழுத் தவறு. அமெரிக்காவில் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி என்ற இரு கணித அறிஞர்கள், கல்லூரிகளுக்கு மாணவர்களைப் பங்கிடுவது எப்படி என்று ஆராய்ந்து ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். காரைக்கால் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த அதே 1962ஆம் ஆண்டில் அது வெளியாயிற்று என்பது தற்செயல். ஷேப்லிக்கு, ஆல்வின் ராத் என்பவரோடு சேர்த்து, 2012இல் பொருளாதார நோபல் பரிசு கிடைக்க அதுவே முக்கிய காரணம். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. இடங்களை 2015 முதல் ஒன்றாக ஒதுக்கிவரும் ஜோசா முறையும் அந்த வழியைத் தழுவியதே. அதன் சாரம் எளிமையானது: இயந்திரம் ஒருவனுடைய பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போய், அவனுடைய ரேங்குக்கு எட்டுகிற முதல் வரியில் நிற்கிறது, எட்டாத வரிகளைத் தாண்டி வந்ததற்காக எந்தத் தண்டனையும் விதிப்பதில்லை.

உதாரணமாக, 1984இல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி 2020இல் பல்கலைக்கழகமாக உயர்ந்த புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் படிக்க ஆசைப்படுகிற பையன், அதை முதலிலும், அங்கேயே எலெக்ட்ரானிக்ஸை இரண்டாவதாகவும், நெடுங்காட்டுக் கல்லூரியில் கம்ப்யூட்டரை மூன்றாவதாகவும் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டும் கிடைக்காவிட்டால், நெடுங்காட்டை முதல் வரியில் எழுதியிருந்தால் எந்த நிலையோ அதே நிலையில்தான் அவன் மூன்றாம் வரிக்கு வருகிறான். பயந்துபோய் நெடுங்காட்டை முதலில் எழுதிவிட்டாலோ, புதுச்சேரி கிடைக்கிற ரேங்க் இருந்தும் இயந்திரம் முதல் வரியோடு நின்றுவிடும். ஜோசாவில் இடம் கிடைத்தபின் கேட்கப்படும் ஃப்ரீஸ், ஃப்ளோட், ஸ்லைடு என்ற மூன்று சொற்களுக்கும் மிரள வேண்டியதில்லை. இதுவே போதும் என்பது முதலாவது. இதைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டியலில் மேலே உள்ள எதுவானாலும் வரட்டும் என்பது இரண்டாவது. கல்லூரி இதுவே, பாடப்பிரிவு மட்டும் மேலானது கிடைக்கட்டும் என்பது மூன்றாவது. தீங்கு விளைவது வேறோர் இடத்தில்: கிடைத்தால் போகவே மனமில்லாத கல்லூரியை, 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதிவைப்பதில்.

காரைக்காலில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் இன்றும் உண்டு. அவர்களில் சிலர் பிள்ளைகளை 1826இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு லீசேயில் படிக்கவைக்கிறார்கள். அந்தப் பிள்ளை பிரான்சில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, 2018 முதல் அங்கே நடப்பிலுள்ள பார்க்கூர்சூப் முறையில் பத்து விருப்பங்கள் வரை எழுதலாம்; ஆனால் எது முதல், எது கடைசி என்று வரிசைப்படுத்தச் சொல்வதில்லை. கல்லூரிகள் பதில் சொல்லச் சொல்ல, பிள்ளை ஒவ்வொன்றாக ஏற்றும் விலக்கியும் முடிவுக்கு வருகிறது. யோசிப்பதற்கு அவகாசம் உண்டு என்பது அதன் நன்மை. பதில் வரும்வரை வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பது அதன் தீமை. ஒரே தெருவில் இரண்டு பிள்ளைகள், ஒன்று சென்டாக் பட்டியலும் மற்றொன்று பாரிஸ் பட்டியலும் எழுதும் விநோதம் இந்தியாவில் வேறு எத்தனை ஊர்களில் காணக் கிடைக்கும்!

பெண்பிள்ளைகள் விஷயத்தில் பட்டியல் தயாராவதற்கு முன்பே பாதி வரிகள் அடிக்கப்பட்டுவிடுகின்றன. 'சிதம்பரத்துக்கு அந்தப் பக்கம் வேண்டாம்', 'ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம்', 'ஔவையார் கல்லூரி இருக்கும்போது வேறென்ன' என்ற வார்த்தைகள் அன்போடுதான் சொல்லப்படுகின்றன. அந்தக் கல்லூரியும் குறைந்ததல்ல. எனினும் இந்த மண்ணின் பேர் விளங்கவைத்த காரைக்கால் அம்மையார், கயிலைக்குத் தலையாலேயே நடந்து போய், திருவாலங்காட்டில் போய்த் தங்கியவர் என்று புராணம் சொல்வதைக் கேட்டு, ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா கொண்டாடுகிற ஊர், தன் பெண்களைப் புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றி அனுப்பத் தயங்குவதில் ஏதோ பொருத்தக்குறைவு இருக்கிறது. விடுதிச் செலவு காரணமானால் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடலாம், பெண் புரிந்துகொள்வாள். தூரத்தைக் காரணமாகச் சொன்னால், தம்பியைக் கோயம்புத்தூருக்கு அனுப்பும்போது அவள் அதை நினைத்துக்கொள்வாள்.

இந்தப் பட்டியல்கள் எல்லாவற்றிலும் மிகவும் கீழே, பல வீடுகளில் கடைசி வரியாக, எழுதப்படும் ஒரு பெயர் உண்டு. செருமாவிலங்கையில் 1987இல் தொடங்கப்பட்ட பண்டித ஜவஹர்லால் நேரு வேளாண்மைக் கல்லூரிதான் அது. மூன்று தலைமுறையாகக் குறுவையும் தாளடியும் சாகுபடி செய்துவரும் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், அரசுக் கட்டணத்தில், நான்கு வருஷப் பட்டப்படிப்பு இருக்கிறது. வெளியூர்களிலிருந்தெல்லாம் பிள்ளைகள் மூட்டை முடிச்சோடு வந்து அங்கே படிக்கிறார்கள். அந்தப் பட்டம் பெற்றவர்கள் வேளாண் துறையில் அதிகாரியாகலாம், விதை நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக்கும் போகலாம், தேசிய வங்கிகள் தனித்தேர்வு வைத்து எடுக்கும் வேளாண் கள அலுவலர் பதவிக்கும் எழுதலாம். ஆனாலும் "படிச்சுட்டு மறுபடியும் சேத்துலயா எறங்கணும்?" என்று கேட்டு, தகப்பனார் அதை அடித்துவிட்டு, பெயரே சரியாக வாயில் நுழையாத ஒரு தனியார் பொறியியல் கல்லூரியை அதற்கு மேலே எழுதச் சொல்கிறார். அவர் அடுத்த முறை பயிர்க்கடன் விஷயமாக வங்கிக்குப் போகும்போது, மேசைக்கு அப்பால் உட்கார்ந்து அவருடைய சிட்டாவைப் புரட்டிப் பார்க்கிற அந்த இளம் அலுவலரை, என்ன படித்தீர்கள் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு வரலாம்.